மூடியை இறுக்காதேங்கோ

1

இந்தக் கதை ஒரு போத்தல் மூடியிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரிதாக எதையாவது எதிர்பார்த்து ஏறியவர்கள் இந்தத் தரிப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம். பஸ் இன்னும் வேகமெடுக்கவில்லை.

அது வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்த கண்ணாடிப் போத்தல். கழுவி, கொதிநீரில் அவித்து எடுத்தது. உள்ளே முக்கால்வாசிக்குப் பால்கஞ்சி நிறத்தில் ஈஸ்ற். என் மனைவி பெர்னடெற் வீட்டில் பியர் காய்ச்சுகிறவள். அன்று வியாழக்கிழமை. புளித்து முடிந்த பியரைப் போத்தல்களில் அடைத்துவிட்டு, வாளியின் அடியில் தங்கிய ஈஸ்ற்றை அடுத்த தடவைக்கென்று இந்தப் போத்தலில் சேர்த்து, பிரிட்ஜில் வைக்கும்படி என்னிடம் நீட்டினாள். நான் கதவுத் தட்டில், பாலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைக்கும்போது கை தன் பழக்கத்தில் மூடியை ஒரு திருகு திருகியது. நான் எல்லா மூடிகளையும் இறுக்குகிறவன்.

"மூடியை இறுக்காதேங்கோ," என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "அது மூச்சு விடோணும்."

"இறுக்கேல்லை," என்றேன். சத்தம் வராமல் கால் திருகு தளர்த்தினேன்.

மறுநாள் காலை அவள் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். உடை மாற்றும் அறையில் வெள்ளைச் சப்பாத்து ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றதைப் போடக் குனிந்தவள் எழும்பவில்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்று லுசேர்ன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை இறந்தாள்.

[மேலே உள்ள பந்தி முதலில் சில பக்கங்கள் நீண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னல், கன்னியாஸ்திரி ஒருவர், மரங்கள் எல்லாம் இருந்தன. சப்பாத்து மட்டும் போதும் என்று பட்டது.]

மூடியைப் பற்றிச் சொன்னது அவளுடைய கடைசி வார்த்தை அல்ல. அன்று மாலை முழுக்க அவள் கதைத்திருப்பாள். சாப்பிட வாங்கோ என்றிருப்பாள், ரீவியைக் குறையுங்கோ என்றிருப்பாள். அவை ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை. நினைவு தானே தேர்ந்தெடுத்த வசனம் இது. நான் அதை மாற்றவில்லை.

2

தொடக்கங்கள் பல எழுதிக் கிழித்தேன். சிலவற்றைக் காட்டுகிறேன், கிழித்ததைக்கூடக் கொட்ட மனம் வராத வீடு இது.

"ஈஸ்ற் என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரி." வாத்தியார் குரல். வேண்டாம்.

"எம்மன்புரூக்கேயில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. அன்று எங்கள் சுவிஸ் ஊரில் நல்ல வெயில். பல்கனியில் மிளகாய்கூடக் காய்ந்தது.

"ஒரு தமிழ்ப் பெண் பியர் காய்ச்சினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" பட்டிமன்றத் தலைப்பு. இதையும் வெட்டினேன். ஆனால் அந்த நாலு பேர் சொன்னதை வெட்ட மனமில்லை. தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, எங்கள் பக்கத்துத் தவராஜா என்னைப் பார்த்து, "றேமன்ட் அண்ணை, உங்கட வீட்டில மனிசி காய்ச்சிறா, மனிசன் குடிக்கிறேல்லை. இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்பார். காய்ச்சுவது என்ற சொல்லை அவர் இழுத்துச் சொல்வதில் ஊர்க் கள்ளச்சாராயமான கசிப்பு மணக்கும். பெர்னடெற் என்னைப் பதில் சொல்ல விடமாட்டாள். "இவர் குடிக்கிறேல்லை எண்டபடியால்தான் காய்ச்சிறன். குடிக்கிறவரெண்டால் மிஞ்சுமோ?" என்பாள். பிறகு தவராஜாவே எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போவார்.

நான் குடிக்காததற்குக் கொள்கை ஒன்றும் இல்லை. கைப்பு எனக்குப் பிடிக்காது. பாகற்காய் சாப்பிடாதவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. பியர் குடிக்காதவனிடம் மட்டும் கேட்கிறார்கள்.

அவளும் பியர் ஆசையில் தொடங்கவில்லை. முதியோர் இல்லத்தில் அவளோடு சமைத்த வ்றேனி என்ற சுவிஸ்காரி வீட்டில் பியர் செய்வாள். ஒரு நாள் இவளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். முளைகட்டி உலர்த்திய தானிய மால்ற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, இனிப்பு இறங்கிய நீரைக் கைப்புப் பூக்களோடு காய்ச்சி, ஆறியபின் ஈஸ்ற் போடுவது. ஈஸ்ற் இனிப்பைத் தின்று பியராக்கிவிட்டு, பெருகி, அடியில் மண்டியாக உட்காரும். மேலே தெளிந்ததைப் போத்தலில் விட்டபின் வ்றேனி அந்த மண்டியைத் தொட்டிக்குள் ஊற்றப் போயிருக்கிறாள். பெர்னடெற் கையைப் பிடித்துவிட்டாளாம். உயிரோடு இருப்பதைக் கொட்டுவதா? பியர் செய்கிறவர்கள் பலர் அதை எடுத்து வைத்துத் திரும்பப் போடுவார்கள், தனக்குத்தான் பஞ்சி, வெறும் சோம்பல் என்று வ்றேனி ஒப்புக்கொண்டாள். பெர்னடெற் அதை ஒரு வெற்று மாஜரின் பெட்டியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மாஜரின் பெட்டி கழுவி வைக்கிற சனம் நாங்கள். ஈஸ்ற் சேர்ப்பதை மற்றவர்கள் ஒரு நுட்பமாகப் படிப்பார்கள். அவளுக்கு அது பெட்டி கழுவுவதன் தொடர்ச்சி. மண்டிக்குள் கொதித்தாறிய தண்ணீர் விட்டுச் சுழற்றுவாள். கொஞ்ச நேரம் விட்டால் கசடு முதலில் கீழே போகும். மேலே நிற்கும் பால் போன்ற நீரை மட்டும் போத்தலுக்குள் சரிப்பாள். பிரிட்ஜில் அது வெள்ளையாகப் படியும். அடுத்த தடவை காய்ச்சும்போது பாதி போடுவாள், பாதியை வைத்துக்கொள்வாள். முழுவதையும் ஒரு நாளும் போட்டதில்லை.

போத்தலில் ஒட்டிய துண்டில் ஒவ்வொரு முறையும் ஓர் இலக்கம் கூட்டி எழுதுவாள். பியர்க்காரர் அதைத் தலைமுறை என்பார்கள் என்று வ்றேனி சொன்னாள். சுவிஸில் இருந்து ஒரு தமிழன் எழுதும் கதையில் தலைமுறை என்ற சொல் வந்தால் அடுத்து என்ன புலம்பல் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அது வராது. எங்கள் மகள் பிரஷாந்தி ஈஸ்ற் அல்ல.

3

இதுவரை எழுதியதை வாசித்துப் பார்த்தேன். பெர்னடெற் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரியாக இருக்கிறாள். கையைப் பிடிக்கிறாள், வாயடைக்கிறாள், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள். இறந்தவர்களை எழுதினால் வரும் நோய் இது. அவர்களுக்கு வியர்ப்பதே இல்லை.

ஆகவே சொல்கிறேன். அவள் முன்னூற்றி நாலு என்ற சீட்டு விளையாடும்போது கள்ளம் செய்வாள். கோபம் வந்தால் என்னோடு கதைக்காமல் பானையோடு கதைப்பாள்: "சிலபேருக்குச் சொன்னால் விளங்காது, பாத்தியோ?" ஒரு தடவை பியர் முழுக்கப் புளித்து வினாகிரியானபோது, அதற்குக் காரணம் பக்கத்தில் ஊறிக்கொண்டிருந்த என்னுடைய காலுறைகள் என்று முடிவு செய்தாள். அந்தத் தீர்ப்பு கடைசிவரை திருத்தப்படவில்லை.

[இந்த இடத்தில் அவள் வாயில் ஒரு வசனம் வைத்திருந்தேன்: "நான் போனாலும் இது இருக்கும், றேமன்ட்." அழகாகத்தான் இருந்தது. ஆனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சேருங்கோ என்பாள். அந்த வசனத்தில் றேமன்ட்டை எடுத்துவிட்டு இஞ்சேருங்கோவைப் போட்டேன். உடனே வசனம் முழுவதும் பொய் என்று தெரிந்துவிட்டது.]

காலுறைகள் பியருக்குப் பக்கத்தில் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலக்கீழ்த் தளத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருக்கிறது. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்ற அட்டவணை சுவரில் தொங்கும். எங்கள் நாள் வியாழன். நான் இரும்பாலையில் மாறுமுறை வேலை செய்கிறவன். வியாழன் என் ஓய்வு நாள் என்பதால் அதைக் கேட்டு வாங்கினோம். எங்கள் குடும்பப் பெயர் லம்பேட். கட்டடப் பராமரிப்பாளர் பெயரைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுப் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள் என்று நினைத்திருந்தாராம். எங்களைக் கண்டதும் அட்டவணையை ஒரு முறையும் எங்களை ஒரு முறையும் பார்த்தார்.

பெர்னடெற் அந்த நாளை முழுதாகப் பயன்படுத்தினாள். அங்கே பெரிய தொட்டி உண்டு, தரையில் நீர் போகும் துளை உண்டு, கதவைச் சாத்தினால் மணம் மேலே போகாது. ஒரு பக்கம் மெஷின் படுக்கை விரிப்புகளைச் சுழற்றும், மறுபக்கம் மின்னடுப்பில் மால்ற் கொதிக்கும். எங்கள் விரிப்புகளிலும் தலையணை உறைகளிலும் எப்போதும் ஊரில் குடித்த நெஸ்ரமோல்ற் மாவின் மணம் இருந்தது. காய்ச்சிய நீர் ஆறியதும், ஈஸ்ற் போடுவதற்கு முதல், எனக்கு ஒரு கோப்பை மொண்டு தருவாள். சர்க்கரைப் பாணி மாதிரி இனிக்கும். விரிப்பு மடித்துக்கொண்டே குடிப்பேன். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் என் எல்லைக்கு வெளியே.

ஆகவே அவள் பியரின் முதல் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசித்தவன் நான்.

4

இனி வருவதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. செத்தவீட்டைப் பற்றி எழுதும்போது சிரிக்கலாமா என்று கேட்பவர்கள் அந்த அப்பத்தைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

செத்தவீட்டில் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் போவதில்லை. சொந்தக்காரர் வந்து குசினியைக் கையில் எடுப்பார்கள். பெர்னடெற்றின் தங்கை மெற்றில்டா பாசல் நகரத்திலிருந்து ஒரு பெரிய பயணப்பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டியில் ஒரு சேலை, மற்றதெல்லாம் சட்டி. அடக்கம் முடிந்தபிறகு பின்னேரங்களில் வீட்டில் செபமாலை. செபத்துக்கு வருகிறவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது. ஒரு நாள் அப்பம் சுடுவதென்று முடிவெடுத்திருக்கிறாள். மாவைக் கரைத்துவிட்டு ஈஸ்ற் பக்கெற்றைத் தேடினாள்; இல்லை. பிரிட்ஜைத் திறந்தாள். கதவுத் தட்டில், அக்காவின் கையெழுத்தில் "ஈஸ்ற்" என்று எழுதிய போத்தல். ஊரில் அப்பத்துக்குக் கள்ளு விடுகிற கை அது. முகர்ந்து பார்த்திருக்கிறாள். மணம் சரி. யாரிடமும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் விட்டாள்.

அன்றைய அப்பம் மாதிரி நான் முன்னும் சாப்பிடவில்லை, பின்னும் சாப்பிடவில்லை. நடுவில் பஞ்சு, ஓரம் கடதாசி. லேசாக ஒரு கைப்பு. தவராஜா வெந்தயம் போட்டதோ என்று விசாரித்தார். பாதர் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் அதுவரை யார் தந்தாலும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாமல் இருந்தவன். அன்று மூன்று சாப்பிட்டேன்.

சனம் போனபிறகு சட்டி கழுவிக்கொண்டே மெற்றில்டா கேட்டாள்: "அத்தான், அந்த ஈஸ்ற் நல்ல ஈஸ்ற். அக்கா எந்தக் கடையில வாங்கினவ?"

நான் தண்ணீர் வடியும் தட்டைப் பார்த்தேன். ஊறுகாய்ப் போத்தல் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தது. ஒட்டியிருந்த துண்டுகூட உரித்து எடுக்கப்பட்டிருந்தது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். அவள் ஈரக்கையோடு கதிரையில் இருந்துவிட்டாள். "அத்தான், நான் அக்காவை எல்லாருக்கும் சுட்டுக் குடுத்திட்டன்," என்றாள்.

அவள் அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க அடக்க வந்தது. பிறகு எனக்கும் வந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்த பிரஷாந்தி எழும்பி வந்து, இரண்டு பேருக்கும் என்ன நடந்தது என்று தெரியாமல் வாசலில் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் கீழே இருந்துவிட்டாள். பெர்னடெற் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

[கோயிலில் அப்பமாகப் பகிரும் நற்கருணையை இந்த இடத்தில் கொண்டுவர எனக்கு ஆசை. வழி திறந்தே கிடக்கிறது. ஆனால் பாதர் இதை வாசிக்கக்கூடும். தவிர, மெற்றில்டா சொன்னதற்கு மேல் என்னால் ஒன்றும் சேர்க்க முடியாது.]

5

உண்மையில் கதை இங்கேயே முடிந்திருக்கலாம். நல்ல முடிவு. ஈஸ்ற் போய்விட்டது, போன விதம் சந்தோஷமானது. நான் அங்கேயே எழுத்தை நிறுத்தி, அடியில் ஒரு கோடும் போட்டேன். அந்தக் கோடு என் தாளில் இன்னும் இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை வந்ததுதான் பிரச்சினை.

விரிப்புகளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மெஷினைப் போட்டேன். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன். மெஷின் சுற்றியது. மெஷின் நின்றதும் விரிப்பை எடுத்து முகர்ந்தேன். சவர்க்காரம் மணத்தது. அது குற்றமில்லை, விரிப்பு அப்படித்தான் மணக்க வேண்டும். ஆனால் அடுத்த வியாழனும் அதுவே. அதற்கடுத்ததும். எனக்குத் துக்கம் மற்ற நாட்களில் வருவதில்லை. ஆலையில் வருவதில்லை, கோயிலில் வருவதில்லை. நிலக்கீழ் அறையில், கவிழ்த்த கூடையில், தோய்த்து முடியும்வரை சும்மா இருக்கும் அந்தப் பொழுதுக்கு மட்டும் வரும்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு எல்லோரையும் கூப்பிட்டோம். கடைசி வியாழன் அவள் அடைத்த போத்தல்கள் அதற்குள் பதமாகியிருந்தன. கீழ் அறையிலிருந்து அவ்வளவையும் ஏற்றி வந்து மேசையில் வைத்தேன். அவள் பியரை அவள் ஒருநாளும் பூட்டி வைத்ததில்லை. தவராஜா முதல் போத்தலைத் திறந்துவிட்டு, ஒன்றும் பகிடி விடாமல் குடித்தார். அன்றிரவே மெற்றில்டா வெறும் போத்தல்களைக் கழுவி, கண்ணாடி போடும் தொட்டிக்கு அனுப்பிவிட்டாள். அவள் கைக்கு அகப்பட்ட எதுவும் அழுக்காக இருக்க முடியாது.

அதற்குப் பிறகொரு நாள் வ்றேனி வந்தாள். அவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்து, வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். நானே ஒரு தடவை காய்ச்சிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஏன் முடியாது என்றாள். ஈஸ்ற்? கடையில் பக்கெற்றில் அதே வகை கிடைக்கும். தான் பெர்னடெற்றுக்குக் கொடுத்ததே ஒரு பக்கெற்றிலிருந்து வந்ததுதான் என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆனாலும் பெர்னடெற்றினது கொஞ்சம் வேறாகிவிட்டது, அந்த நிலக்கீழ் அறைக்குப் பழகி, கராம்பு வாசம் ஒன்று வந்திருந்தது, தனக்கே அது வராது என்றாள்.

நான் அப்பக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு முடிய, அதற்கென்ன, போத்தல்களின் அடியில் இருக்குமே என்றாள். வடிகட்டாத பியர், ஒவ்வொரு போத்தலின் அடியிலும் ஒரு விரற்கடை மண்டி. உயிரோடு இருக்கும். இனிப்பு நீர் விட்டால் எழும்பும்.

நான் கண்ணாடித் தொட்டியைப் பற்றிச் சொன்னேன்.

வ்றேனி கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஒன்றுகூட மிச்சமில்லையா என்று கேட்டாள்.

ஒன்று இருந்தது. முப்பத்தோராம் நாள் விருந்துக்கு முதல், பிரஷாந்தி தனக்கென்று ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் அவள் வீட்டில், தாயின் படத்துக்குப் பக்கத்தில் அது நின்றது.

6

தொலைபேசி உரையாடலை அப்படியே எழுதுகிறேன். இதில் கதாசிரியர் கை வைக்கவில்லை.

"அப்பா, நைன். ஏலாது."

"நான் இன்னும் கேக்கவே இல்லை, பிள்ளை."

"வ்றேனி எனக்கும் எடுத்துச் சொன்னவ. அது அம்மா மூடின போத்தல். திறந்தால் பிறகு ஆர் மூடுறது?"

"மூடியே வைச்சால் உள்ளுக்கு இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமாச் செத்துப்போகும்."

"தெரியும்."

"திறந்தாலும் வரும் எண்டு நிச்சயமில்லை. ஒண்டும் வராமலும் போகலாம்."

"அதுவும் தெரியும், அப்பா. அதுதான் நைன்."

நான் வற்புறுத்தவில்லை. அவள் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் போத்தலின் கம்பி மூடியைப் பெர்னடெற்றின் பெருவிரல் அழுத்தி மூடியது. அது திறக்கப்படாதவரை அந்த அழுத்தம் அங்கேயே இருக்கிறது. என் பக்கத்திலும் பிழை இல்லை. வைத்திருந்தால் மூடி மிஞ்சும், உள்ளே இருப்பது போய்விடும். திறந்தால் மூடி போய்விடும், உள்ளே இருப்பது மிஞ்சலாம், மிஞ்சாமலும் விடலாம். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். இல்லை. கதைகளில் இருக்கும். போத்தல்களில் இல்லை.

 இந்த இடத்தில் சில கிழமைகள் எழுதாமல் விட்டேன். வாசகருக்கு அது ஒரு வெற்று வரி. எனக்குச் சில வியாழக்கிழமைகள்.

பிறகு ஒரு வியாழன், மெஷினைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பிரஷாந்தி நிலக்கீழ் அறை வாசலில் நின்றாள். வேலைக்கு லீவு எடுத்து றெயிலில் வந்திருக்கிறாள். முதுகுப்பை தோளில் இல்லை. ஒரு குழந்தையைத் தூக்கி நிற்பதுபோல முன்னால் கட்டிப் பிடித்திருந்தாள். பையைத் திறந்து, என்னுடைய பழைய காலுறை ஒன்றுக்குள் நின்ற போத்தலை வெளியே எடுத்தாள். சரியாமல், ஆட்டாமல், நிமிர்த்தியபடியே. கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. மண்டி அடியில் தகடு மாதிரிப் படிந்திருந்தது. அது இப்படிப் படியப் போத்தல் பிரிட்ஜில் பல நாள் நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும். வருவதென்று அவள் எப்போதோ முடிவெடுத்துவிட்டாள்.

"நான்தான் திறப்பன்," என்றாள்.

நான் வ்றேனி சொல்லித் தந்தபடி பால் காய்ச்சும் சட்டியில் கொஞ்சம் மால்ற் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். ஆயிரம் பாகையில் இரும்பு உருளுவதை வருடக்கணக்காகப் பார்த்தவன், ஒரு கோப்பை நீர் போதுமான அளவு ஆறியதா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் பிள்ளைப் பால் பார்ப்பதுபோல மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன்.

அவள் மூடியில் பெருவிரலை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு தள்ளினாள். அதுவரை அடங்கியிருந்த காற்று ஒரு சின்னச் சத்தத்தோடு வெளியே வந்தது.

அடி மண்டி குழம்பாமல் இருக்க, பியரை ஒரே சரிவில், நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். இரண்டு கண்ணாடிக் குவளைகள் நிரம்பின. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை என் பக்கம் தள்ளினாள்.

"நான் குடிக்கிறேல்லை எண்டு தெரியும்தானே."

"அப்ப தொட்டிக்குள்ள ஊத்தவோ?"

அந்த வீட்டில், அந்த அறையில், அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்கக்கூடிய கேள்வியா அது. குவளையை எடுத்தேன்.

வாசகரே, இந்த இடத்தில் உங்கள் எதிர்பார்ப்பு எனக்குத் தெரியும். இத்தனை வருடம் குடிக்காத கணவன் முதல் தடவை குடிக்கிறான். அதில் அவளுடைய முழு வாழ்க்கையும்— இல்லை. கைத்தது. பாகற்காய் அவித்த நீர்போலக் கைத்தது. இரண்டாவது மிடறும் கைத்தது. மூன்றாவதில் கைப்புக்குப் பின்னால் எங்கேயோ எனக்குத் தெரிந்த இனிப்பு ஒன்று, விரிப்பு மடித்துக்கொண்டு குடிக்கிற அந்தக் கோப்பை, ஆள் மாறி நின்றது. அதற்குப் பிறகு மறுபடி கைத்தது. குவளையை முடித்தேன்.

"எப்பிடி?" என்று கேட்டாள் மகள்.

"கைக்குது."

"அம்மாட்டச் சொன்னனீங்களோ?"

"அவ கேக்கேல்லை."

பிரஷாந்தி சிரித்தாள். மீசையில் நுரை இருப்பதாகச் சொல்லித் துடைத்துவிட்டாள்.

பிறகு மால்ற் நீரைப் போத்தலில் மிஞ்சிய மண்டிக்குள் விட்டுச் சுழற்றினோம். மெற்றில்டா பளபளக்கக் கழுவி வைத்த ஊறுகாய்ப் போத்தலை அவித்து எடுத்து, அதற்குள் அனைத்தையும் சரித்தோம். மூடியை நான் வைத்தேன். எவ்வளவு திருகினேன் என்று எழுதப்போவதில்லை, உங்களுக்குத் தெரியும். துணியொன்றால் மூடி, அறைக்கு வெளியே எங்கள் களஞ்சியத் தட்டில் வைத்தோம். வெறும் பியர்ப் போத்தலை அவள் கழுவி, கம்பி மூடியைத் தானே அழுத்தி மூடி, பழையபடி காலுறைக்குள் வைத்துக் கொண்டுபோனாள்.

7

அது போன வியாழன். ஒரு கிழமை விட்டுப் பார்க்கும்படி வ்றேனி சொன்னாள். உயிர் இருந்தால் நுரை கட்டியிருக்கும், அடியில் வெள்ளை கூடியிருக்கும். இல்லாவிட்டால் மால்ற் நீர் அப்படியே இருக்கும், அல்லது புளித்து மணக்கும்.

இன்று வியாழன். மெஷின் சுற்றுகிறது. கவிழ்த்த கூடையில் இருந்து இதை எழுதுகிறேன். போத்தலைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து வந்து முதுகுக்குப் பின்னால், மெஷினுக்கு மேலே உள்ள தட்டில் வைத்திருக்கிறேன். துணியை எடுக்கவில்லை. பழைய தாள்களைப் பார்த்து இன்று முதல் பந்தியிலிருந்து திருப்பி எழுதத் தொடங்கியபோதே அது அங்கேதான் இருந்தது; இப்போதுதான் சொல்கிறேன். நீங்கள் வாசித்துக்கொண்டு வந்தது ஒருவன் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காக எழுதியதை.

சற்று முன் பிரஷாந்தி தொலைபேசியில் எடுத்தாள். பார்த்தேனா என்று கேட்டாள். எழுதி முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

"பயப்பிடுறியள்."

"ஓம்."

"நானும்தான். பாத்தவுடன எடுங்கோ. என்னெண்டாலும் எடுங்கோ."

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

துணியை எடுக்கிறேன். நுரை மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கராம்பு மணக்கிறது. மேலே ஏறும் படிகளில் பிரஷாந்திக்கு எடுக்கிறேன்.

துணியை எடுக்கிறேன். ஒன்றுமில்லை. தெளிந்த, மண்ணிறமான, இனிப்பான நீர். அதைக் கொட்டாமல் ஒரு கோப்பையில் விட்டு, விரிப்பு மடித்துக்கொண்டே குடிக்கிறேன். பிறகு கடைக்குப் போய் ஒரு பக்கெற் வாங்குகிறேன். அந்தப் பக்கெற்றும் இந்த அறைக்குப் பழகும். அடியில் தங்குவதில் பாதியை நான் எடுத்து வைப்பேன்.

மூன்றாவது: மெற்றில்டா பாசலில் இருந்து ஒரு மாஜரின் பெட்டியோடு வந்து இறங்குகிறாள். அன்றைய அப்ப மாவில் ஒரு கரண்டியைத் தன்னோடு கொண்டுபோய், ஒவ்வொரு கிழமையும் புது மாவில் கலந்து, இன்றுவரை வைத்திருக்கிறாள். சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். மூன்றிலும் அழகானது இதுதான். ஆனால் மெற்றில்டா எதையும் மிச்சம் வைக்கிற ஆள் அல்ல. சட்டியை உரஞ்சிக் கழுவுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த முடிவை நான் அவளுக்காக எழுதினேன், எனக்காக அல்ல.

எதையும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. கடைசிச் சொல்லை எழுதிய பிறகுதான் நான் திரும்புவேன். அதன்பிறகு நான் கண்டது இந்தக் கதைக்குள் வராது. துணியை நீங்கள் எடுங்கள். உங்களுக்கு நுரை தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், இரண்டாவது முடிவிலும் எனக்கு ஒரு கோப்பை இனிப்பு நீரும் அடுத்த கிழமைக்கு ஒரு வேலையும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மெஷின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. எனக்கு முன்னால் சுவர். சுவரில் அட்டவணை. வருடத்துக்கொரு தடவை பராமரிப்பாளர் புதிதாக அடித்து மாட்டுவார். இந்த வருடத்தினது போன மாதம் வந்தது. மேலே இருந்த இத்தாலிக்காரர் வீடு மாறிவிட்டார்கள், அவர்களின் திங்கட்கிழமையில் வேறு பெயர் இருக்கிறது. மூன்றாம் மாடிக்குச் செவ்வாய் போய் வெள்ளி வந்திருக்கிறது.

வியாழன்: லம்பேட்.